விறகில் வீட்டைச் சூடாக்குவது: எந்த வழிக்கு எவ்வளவு ஆகும்?

விறகுக் கணப்பு வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது அடுப்பின் விலையை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தீ எரிவதைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் கேட்கத் தோன்றாது. ஆனால் புதிதாகப் புகைபோக்கி எழுப்ப வேண்டிய வீட்டில், குழாய்க்கும் அதைப் பொருத்தும் கூலிக்கும் ஆகும் பணம் அடுப்பின் விலைக்குச் சமமாக வருவதும் அதைத் தாண்டிப் போவதும் சாதாரணம். அதற்கு மேல் தரைப் பாதுகாப்பு, காற்றுவழி, விறகுக் கொட்டகை, முதல் இரண்டு குளிர்காலங்களுக்கான விறகு. இவை எதுவும் அடுப்பின் விலைச்சீட்டில் இருக்காது.

எந்த வகை அடுப்பு என்று முடிவு செய்வதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை, புகை எந்த வழியாக வெளியேறும், விறகை யார் சுமப்பது. இவற்றுக்கு நேர்மையான பதில் இருந்தால் சந்தையில் இருக்கும் வகைகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

வீட்டின் தேவை

அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால், சுமாரான இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு) உள்ள வீட்டுக்குத் தேவையான கிலோவாட் கிடைக்கும். அடுப்பு பொருத்துபவர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. 70 கன மீட்டர் அறைக்கு 5 கிலோவாட். காற்று ஒழுகும் பழைய வீடென்றால் 10-ஆல் வகுக்க வேண்டும், நன்றாக மூடிய புது வீடென்றால் 25-ஆல். அதே அறைக்கு விடை 7 என்றும் வரும், 3-க்குக் கீழேயும் வரும்.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூரைக்கு அடியில் இன்சுலேஷன் போட்டு, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்தாலே தேவை கணிசமாகக் குறைகிறது என்றால், அடுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் அங்கே போடுவதுதான் நியாயம். அடுப்பு சிறிதாகும், விறகு குறையும், சுமப்பதும் குறையும். அந்தச் செலவு ஒரே ஒரு முறைதான்.

"பெரியதாகவே வாங்கிவிடுவோம், வேண்டும்போது குறைத்து எரிக்கலாம்" என்று நினைப்பவர்கள் நிறைய. விறகு விஷயத்தில் இது நடக்காது. காற்றை அடைத்துத் தீயைக் குறைத்தால் விறகு அரைகுறையாக எரியும். எரியாத வாயுக்கள் புகைபோக்கியில் ஏறிக் குளிர்ந்து, உட்சுவரில் தாராகப் படியும். கண்ணாடி கறுக்கும், தெருவெல்லாம் புகை மணக்கும். படிந்த தார் ஒரு நாள் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 5 கிலோவாட் போதுமான இடத்தில் 12 கிலோவாட் அடுப்பை வைப்பவர் அதிக விலை கொடுத்து இந்த ஆபத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

ஆண்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைப் பழைய எரிவாயு, எண்ணெய் அல்லது மின்சாரப் பில்களிலிருந்து எடுக்கலாம். ஒப்பிட வசதியாக, குளிர்காலம் முழுவதற்கும் 12,000 யூனிட் வெப்பம் கேட்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். யூனிட் என்று நான் சொல்வது மின்சாரக் கணக்கில் வரும் அதே யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி.

ஒரு கிலோ விறகில் எவ்வளவு இருக்கிறது?

முழுக்க உலர்ந்த மரம் எந்த இனமாக இருந்தாலும், ஒரு கிலோவுக்குச் சுமார் 5.2 யூனிட் வெப்பம் தரும். தேக்கு, ஓக், பைன் என்று எடைக்கு எடை பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அடர்த்தியில்தான்: கனமான மரம் குறைந்த இடத்தில் அதிக வெப்பத்தை வைத்திருக்கிறது, மெதுவாக எரிகிறது.

உண்மையான வித்தியாசத்தை உண்டாக்குவது தண்ணீர். இப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கக் கிலோவுக்கு ஏறக்குறைய 0.7 யூனிட் செலவாகும். ஆகவே பச்சை விறகு ஒரு கிலோவில் கையில் மிஞ்சுவது 2.3 யூனிட் அளவில்தான். அதே மரம் 20 சதவீத ஈரத்துக்கு வந்தபின் ஒரு கிலோவுக்கு 4 யூனிட் தரும். எடைக்கு விறகு வாங்குபவர் ஈர விறகை வாங்கினால் தண்ணீருக்கும் விலை கொடுக்கிறார். நஷ்டம் அதோடு நிற்பதில்லை, ஈர விறகின் தீ சூடேறாமல் புகைந்து, மேலே சொன்ன தாரைப் புகைபோக்கியில் பூசுகிறது.

ஈரத்தை அளக்கும் சிறிய மீட்டர் ஒன்று கையில் இருப்பது அவசியம். அதை விறகின் வெளிப்பக்கத்திலோ வெட்டு முகத்திலோ குத்திப் பார்த்துப் பயனில்லை, அங்கே எப்போதும் உலர்ந்துதான் இருக்கும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில், மரத்தின் நார் ஓடும் திசையில் ஊசிகளை அழுத்த வேண்டும். இன்னொன்று: இந்த மீட்டர்களில் பெரும்பாலானவை உலர்ந்த மரத்தின் எடையை வைத்துச் சதவீதம் சொல்பவை. மீட்டர் 25 என்று காட்டினால் மொத்த எடையில் தண்ணீர் 20 சதவீதம் என்று பொருள். மீட்டர் இல்லாதபோது இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மொத்தென்று அமுங்கும்.

கன அளவில் விற்கும் இடங்களில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடுக்கிய அளவா, கொட்டிய அளவா? வண்டியில் கொட்டிய ஒரு கன மீட்டர் விறகை ஒழுங்காக அடுக்கினால் முக்கால் கன மீட்டர்கூடத் தேறாது. இரண்டு விற்பனையாளர்களின் விலையை ஒப்பிடும் முன் இருவரும் ஒரே அளவைச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, எல்லா நாட்டுக்கும் எல்லா நாணயத்துக்கும் பொருந்தும் ஒரு கணக்கு. நல்ல மூடிய விறகு அடுப்பு 75 சதவீதத் திறனில் எரிகிறது என்று வைத்தால், 4 யூனிட்டில் 3 யூனிட் வீட்டுக்குள் வரும். ஆகவே ஒரு கிலோ உலர்ந்த விறகின் விலையை 3-ஆல் வகுத்தால் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை. பெல்லட் என்னும் அழுத்திய மரத்தூள் உருளைகள் என்றால் கிலோவுக்கு 4.8 யூனிட், அடுப்பின் திறன் 88 சதவீதம், எனவே கிலோ விலையை 4.2-ஆல் வகுக்க வேண்டும். சாதாரண மின் ஹீட்டருக்கு மின்சார யூனிட் விலை அப்படியே. வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துவரும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்தில் சராசரியாக 3 யூனிட் வெப்பம் தருவதாகக் கொண்டால், மின்சார விலையை 3-ஆல் வகுக்க வேண்டும்.

விறகுக்கும் ஹீட் பம்புக்கும் வகுக்கும் எண் ஒன்றே என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கிலோ உலர்ந்த விறகின் விலை, ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையைவிடக் குறைவாக இருந்தால்தான் எரிபொருள் செலவில் விறகு ஹீட் பம்பை வெல்லும். சாதாரண மின் ஹீட்டரோடு ஒப்பிட்டால், கிலோ விறகு மூன்று யூனிட் மின்சாரத்தின் விலைவரை போனாலும் நஷ்டமில்லை. விலைக்கு விறகு வாங்கப் போகிறவர்கள் அடுப்புக் கடைக்குப் போவதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். பலருடைய முடிவு அங்கேயே தெளிவாகிவிடும்.

திறந்த கணப்பு

இதில் அதிகம் சொல்ல இல்லை. சுவரில் இருக்கும் திறந்த கணப்பு 10 முதல் 15 சதவீத வெப்பத்தைத்தான் அறைக்குத் தருகிறது, மீதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. போகும்போது வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால், தீக்கு எதிரில் இருப்பவருக்குக் கதகதப்பாகவும் பின் அறையில் இருப்பவருக்கு முன்னைவிடக் குளிராகவும் இருக்கும். நம் 12,000 யூனிட் வீட்டை 15 சதவீதத் திறனில் சூடாக்க 20 டன் விறகு வேண்டும். ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் அதன் மதிப்பு அந்தப் புகைபோக்கியில் இருக்கிறது. அதற்குள் மூடிய அடுப்பைச் செருகி, புகைபோக்கிக்கு உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை இறக்கிவிட்டால், புதிதாகப் புகைபோக்கி கட்டும் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

மூடிய விறகு அடுப்பு

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான தேர்வு என்பது என் கருத்து. இரும்பிலோ வார்ப்பிரும்பிலோ செய்த பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே தீச்செங்கல், மேலே புகை திரும்பிப் போகும்படி ஒரு தடுப்புப் பலகை. தீக்குப் போகும் காற்றைத் தவிர, இரண்டாவதாக மேலிருந்து வரும் காற்று புகையில் உள்ள வாயுக்களையும் எரித்துவிடுகிறது. மின்சாரம் வேண்டாம். கரண்ட் போன இரவிலும் எரியும்.

75 சதவீதத் திறனில் நம் வீட்டுக்கு ஆண்டுக்கு 4 டன் உலர்ந்த விறகு. கனமான மரமென்றால் அடுக்கிய அளவில் ஏறக்குறைய 9 கன மீட்டர், லேசான ஊசியிலை மரமென்றால் 12 அல்லது 13. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: ஒரே அடுப்பு வீடு முழுவதையும் சீராகச் சூடாக்காது. அடுப்பு இருக்கும் கூடம் சூடாகும், அதை ஒட்டிய அறைகள் பரவாயில்லை, மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறை குளிராகவே இருக்கும். அறைகள் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும் வீட்டில் இந்தக் குறை குறைவு.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால், அடுப்புக்கு அடுத்தது புகைபோக்கி. அடுப்பிலிருந்து கூரைவரை வீட்டுக்குள் போகும் பகுதிக்கும், கூரையைத் துளைத்து வெளியே போகும் பகுதிக்கும் வெவ்வேறு குழாய்கள். வெளியே போவது இரட்டைச் சுவரும் நடுவில் இன்சுலேஷனும் கொண்டது, ஒவ்வொரு மீட்டருக்கும் விலை ஏறும். அதனால் அடுப்பை எங்கே வைப்பது என்ற முடிவே ஒரு செலவு முடிவு. வீட்டின் நடுவில், கூரையின் உச்சிக்கு அருகில் வெளியேறும்படி நேராக ஏறும் குழாய் வெளிக்காற்றில் நிற்கும் நீளம் குறைவு, முட்டுகளும் குறைவு, உள்ளே சூடாகவே இருப்பதால் புகையை மேலே இழுக்கும் இழுவையும் நன்றாக இருக்கும். வெளிச்சுவரைத் துளைத்து, வீட்டுக்கு வெளியே உயரமாக ஏற்றும் குழாயில் இன்சுலேஷன் குழாய் அதிகம் பிடிக்கும், குளிர்ந்து தார் படியும், தீ மூட்டும்போது புகை திரும்பி உள்ளே வரும். ஒவ்வொரு வளைவும் விலையைக் கூட்டி இழுவையைக் குறைக்கும்.

குழாயின் தரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அடுப்பில் ஒரு படி கீழே இறங்கலாம். அழகு குறையும், அவ்வளவுதான். இன்சுலேஷன் இல்லாத மலிவுக் குழாயைக் கூரை மரங்களுக்கு நடுவே கொண்டுபோவது வீட்டையே பணயம் வைப்பது. அதேபோல் அடுப்புக்கும் சுவருக்கும் இடையே தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி, அடுப்புக்கு அடியிலும் முன்னாலும் எரியாத தரை, புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம். இவற்றை மதிப்பீட்டில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

நன்றாக மூடிய புது வீட்டில் காற்றுவழியும் ஒரு செலவு. விறகு எரியக் காற்று வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது வீட்டுக்குள் அழுத்தம் குறைந்தால் புகைபோக்கி வழியே புகை உள்ளே இறங்கும். வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் குழாயை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் மலிவு, பிறகு தரையை உடைத்துப் போடுவது அப்படி இல்லை.

பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் புதிதாக விற்கும் மூடிய அடுப்புகளுக்குக் குறைந்தபட்சத் திறனும் புகைத்தூள் வரம்பும் உண்டு, அமெரிக்காவில் 2020 மே முதல் முன்னைவிடக் கடுமையான புகை வரம்பு. பல ஊர்களில் அனுமதி, காப்பீடு இரண்டுக்கும் அடுப்பின் சான்றுத் தகடு வேண்டும். தகடு இல்லாத அடுப்பைப் பொருத்திவிட்டுப் பிறகு காப்பீடு மறுக்கப்பட்டால் அது மலிவான அடுப்பாக இருக்காது. தகடு இருந்தால், கதவிடுக்கைச் சுற்றிலும் அடைக்கும் கயிற்றைச் சோதியுங்கள்: ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எந்த இடத்தில் காகிதம் லேசாக உருவி வருகிறதோ அங்கே கயிறு போய்விட்டது. கயிறு மலிவு, எளிதாக மாற்றலாம். பின்சுவர் வளைந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ வாங்கவே வேண்டாம்.

ஆண்டுச் செலவு எளிது. புகைபோக்கிச் சுத்தம் ஆண்டுக்கு ஒரு முறையாவது, எப்போதாவது கயிறு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தீச்செங்கலோ தடுப்புப் பலகையோ. புகையை எரிக்க உதவும் வினையூக்கி பொருத்திய அடுப்புகள் மெதுவான தீயிலும் சுத்தமாக எரிகின்றன, ஆனால் அந்த வினையூக்கி சில குளிர்காலங்களில் தேய்ந்துவிடும். மாற்றும் விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெல்லட் அடுப்பு

மரத்தூளை அழுத்திச் செய்த 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு உருளைகள்தான் பெல்லட். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழ், தரம் சீர். ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் தள்ளும், விசிறி காற்று ஊதும், தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்தும். காலையில் எழும் நேரத்துக்குத் தானே பற்றவைத்துக்கொள்ளும். வேலைக்குப் போகிறவர்கள், முதுகுவலிக்காரர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் இது பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அடுப்பின் விலை சாதாரண விறகு அடுப்பைவிட அதிகம். ஆனால் புகைக்குழாய் மெலிது, 80 முதல் 100 மில்லிமீட்டர். விதிகள் அனுமதிக்கும் இடங்களில் சுவர் வழியாகவே வெளியேற்றலாம். ஆகவே புகைபோக்கியே இல்லாத வீட்டில் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பெல்லட் அடுப்பு விறகு அடுப்புக்கு அருகில் வந்து நிற்கும், சில சமயம் அதற்குக் கீழும் போகும். அடுப்பு விலையை மட்டும் பார்த்து ஒதுக்கியவர்கள் தவறவிடும் விஷயம் இது.

நம் வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,850 கிலோ, அதாவது 15 கிலோ மூட்டையில் 190 மூட்டைகள். 4.5 கன மீட்டர் இடத்தில் அடங்கிவிடும். விறகுக்குத் தேவைப்படுவதில் பாதிதான் அது. கடுங்குளிர் நாளில் ஒரு மூட்டை காலியாகும். மூட்டை நனையக் கூடாது, நனைந்த பெல்லட் மறுபடி மரத்தூளாக உப்பிவிடும்.

குறைகள் இரண்டு. ஒன்று, மின்சாரம் இல்லாவிட்டால் இது வெறும் பெட்டி. அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் பேட்டரியோ இன்வெர்ட்டரோ வைக்கும் செலவையும் சேர்க்க வேண்டும். இரண்டு, அசையும் பாகங்கள்: திருகின் மோட்டார், விசிறிகள், பற்றவைக்கும் கம்பி, சர்க்யூட் பலகை. ஆண்டுதோறும் சர்வீஸ் வேண்டும், பாகங்கள் கிடைக்கும் தூரத்தில் மெக்கானிக் வேண்டும். வாங்கும் கடையில் சலுகை விலையைவிட, ஜனவரியில் விசிறி நின்றால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதைக் கேட்பது முக்கியம். எரிபொருளைப் பொறுத்தவரை நீங்கள் முழுக்கச் சந்தையை நம்பியிருக்கிறீர்கள். விறகென்றால் தோட்டத்தில் விழுந்த மரம்கூட உதவும், பெல்லட்டை யாரும் வீட்டில் செய்துகொள்ள முடியாது.

செங்கல் கணப்பு

ஒரு டன்னிலிருந்து பல டன் எடைவரை செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டிய கணப்பு. உள்ளே புகை வளைந்து வளைந்து போகும் பாதைகள். நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ, இரண்டு மணி நேரம் காற்றை அடைக்காமல் வேகமாக எரித்துவிட்டு, தீயை அணையவிட வேண்டும். வெப்பம் கல்லுக்குள் தங்கி, அடுத்த பன்னிரண்டு மணி நேரம் முதல் ஒரு நாள்வரை மெதுவாக வெளிவரும். ஸ்வீடனில் விறகுப் பஞ்சம் கவலையான காலத்தில், 1767-இல் கார்ல் யூஹான் க்ரூன்ஸ்டெட், ஃபாபியன் வ்ரேடே இருவரும் புகைப்பாதையை இப்படி நீட்டி வடிவமைத்தார்கள். அடிப்படை இன்றும் அதுதான்.

20 கிலோ விறகை ஒரு நாளில் எரித்தால் 80 சதவீதத் திறனில் 64 யூனிட் கிடைக்கும், அதாவது 24 மணி நேரத்துக்கும் சீராக 2.7 கிலோவாட். தீ எப்போதும் முழு வேகத்தில் எரிவதால் புகையும் தாரும் குறைவு. இதன் சுகம் தனி: சுடாது, சுவரே இளஞ்சூடாக இருக்கும்.

செலவோ பெரும்பாலும் கொத்தனார் கூலி. அதுவும் இந்த வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். அடியில் தனி அஸ்திவாரம் வேண்டும். புது வீட்டின் வரைபடத்திலேயே இதற்கு இடம் வைத்தால் அஸ்திவாரச் செலவு தெரியாமல் போய்விடும். கட்டி முடித்த வீட்டில், அதிலும் மரத்தளத்தின் மேல் என்றால், அந்த அஸ்திவாரமே தனி வேலை. ஒழுங்காகக் கட்டியது ஒரு தலைமுறைக்கும் மேல் நிற்கும், ஆகவே ஆண்டுக் கணக்கில் வகுத்தால் மலிவாகிவிடும். ஆனால் சில ஆண்டுகளில் வீட்டை விற்றுவிடுவீர்கள் என்றால் அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது, இதைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. திடீரென்று குளிர் ஏறினால் உடனே சூடாக்கவும் இதனால் ஆகாது.

விறகு பாய்லர்

இது அடுப்பைவிடப் பெரிய விஷயம், ஒரு முழு அமைப்பு. தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக எல்லா அறைகளின் ரேடியேட்டருக்கும் அனுப்பும். குளிக்கவும் வெந்நீர் தரும். தீயும் சாம்பலும் வீட்டுக்கு வெளியே, தனி அறையில்.

இதில் மதிப்பீட்டைப் பார்த்தவுடன் பலர் வெட்ட நினைப்பது தண்ணீர்த் தொட்டியை. அதை ஏன் வெட்டக் கூடாது என்று கணக்கே சொல்லும். 25 கிலோவாட் பாய்லரில் 30 கிலோ விறகு போட்டால் நான்கு மணி நேரத்தில் சுமார் 100 யூனிட் வெப்பம் வரும். வீடு அந்த நான்கு மணி நேரத்தில் மணிக்கு 6 யூனிட் வீதம் 24 யூனிட்தான் எடுத்துக்கொள்ளும். மீதி 76 யூனிட் எங்கே போகும்? 1,500 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடேற்றினால் 70 யூனிட் அதில் தங்கும். அந்த ஒரு தொட்டி, தீ அணைந்தபின் பன்னிரண்டு மணி நேரம் வீட்டைச் சூடாக வைத்திருக்கும். தொட்டி இல்லாவிட்டால் பாய்லரின் காற்றை அடைத்துப் புகையவிட வேண்டியதுதான், அப்போது தார் பாய்லரையே அரித்துவிடும். கிலோவாட்டுக்குக் குறைந்தது 50 லிட்டர் என்பது தொழிலில் இருப்பவர்களின் கணக்கு.

தொட்டியோடு சேர்ந்து வருபவை: ஒன்றரை டன் தண்ணீரைத் தாங்கும் தரை, தண்ணீர் விரிவதற்கான பெரிய விரிவுக் கலன், பாய்லருக்குத் திரும்பும் தண்ணீரை 55 அல்லது 60 டிகிரிக்குக் கீழே விடாத வால்வு, பம்ப் நின்றால் பாய்லரைக் குளிர்விக்கும் பாதுகாப்பு வால்வு, புகைபோக்கி, அறை. வீட்டில் ஏற்கெனவே ரேடியேட்டர் குழாய்கள் இருந்தாலும் மொத்தச் செலவு ஒரு நல்ல விறகு அடுப்பைப் போலப் பல மடங்கு. குழாயும் புதிதாகப் போட வேண்டுமென்றால் இன்னும் மேலே. எரிபொருள் சேமிப்பு அதற்கு ஈடாக இருக்காது: திறன் 88 சதவீதம் என்றாலும், நம் வீட்டுக்கு 3.4 டன் விறகு வேண்டும், அதிலும் தொட்டியும் குழாயும் கொஞ்சம் இழக்கும். அடுப்பைவிட அரை டன் குறைவுக்காக யாரும் பாய்லர் வைக்க வேண்டியதில்லை. தேவை பெரிது, 25,000 யூனிட்டுக்கு மேல், சொந்த மரத்தோப்பு உண்டு, இடம் உண்டு என்றால் யோசிக்கலாம். பெல்லட் பாய்லர் அதே அமைப்பைத் தானியங்கியாக்கும், கூடவே பெல்லட் கொட்டும் அறையும் கேட்கும்.

யார் சுமப்பது?

"எங்களுக்கு விறகு இலவசம்" என்பவர்கள் மரம் இலவசம் என்றுதான் சொல்ல முடியும். மரம் அறுக்கும் ரம்பம், அதற்கான பாதுகாப்பு உடை, கோடரி அல்லது பிளக்கும் இயந்திரம், வண்டி, பெட்ரோல், கொட்டகை எல்லாம் பணம். 4 டன் விறகு அறுக்கும்போது, பிளக்கும்போது, அடுக்கும்போது, வீட்டுக்குள் கொண்டுவரும்போது என்று நான்கு முறை கையில் ஏறி இறங்கும். அந்த உழைப்பை விரும்பிச் செய்பவர்கள் உண்டு, உடம்புக்கும் நல்லது. ஆனால் ஒரு குளிர்காலம் கையில் கட்டுப்போட நேர்ந்தால் யார் செய்வார்கள் என்பதற்கும் வீட்டில் பதில் இருக்க வேண்டும்.

முன்கூட்டிப் போடும் பணமும் இங்கேதான் மறைந்திருக்கிறது. லேசான மரம் உலர ஓராண்டு, ஓக் போன்ற அடர்ந்த மரம் உலர இரண்டு ஆண்டு. ஆகவே எப்போதும் இரண்டு குளிர்காலத்து விறகு அட்டியில் இருக்க வேண்டும். கனமான மரத்தில் 18 கன மீட்டர் என்றால், 1.5 மீட்டர் ஆழமும் 1.8 மீட்டர் உயரமும் வைத்து ஏறக்குறைய 7 மீட்டர் நீளக் கொட்டகை. மேலே கூரை, பக்கங்களில் காற்று புகும் இடைவெளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பிளாஸ்டிக் தாளால் முழுக்கப் போர்த்திவிட்டால் விறகு உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். முதல் குளிர்காலத்துக்குச் சூளையில் உலர்த்திய விறகை அதிக விலைக்கு வாங்க வேண்டியிருக்கும், அதையும் தொடக்கச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தேர்வு

புகைபோக்கி இருக்கிறது, இடம் இருக்கிறது, சுமக்க ஆள் இருக்கிறது என்றால் சரியான அளவுள்ள மூடிய விறகு அடுப்பு. புகைபோக்கி இல்லை, கொட்டகைக்கு இடமில்லை, பகலில் வீட்டில் ஆளில்லை, ஆனால் மின்சாரம் நம்பகமானது என்றால் பெல்லட் அடுப்பு. புது வீடு கட்டுகிறீர்கள், அங்கேயே வாழப் போகிறீர்கள், வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கிறார் என்றால் செங்கல் கணப்பைத் தயங்காமல் கட்டுங்கள். பாய்லர், மேலே சொன்ன பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும்.

நெருக்கமான தெருவில், வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில், குறிப்பாக அக்கம்பக்கத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ இருந்தால், விறகு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் மெல்லிய புகைத்தூளை வெளியே விடத்தான் செய்கிறது, எரிவாயுவோ ஹீட் பம்போ அந்தத் தெருவின் காற்றை அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை.

வேலையை வசந்த காலத்தில் தொடங்குங்கள். முதலில் புகைபோக்கி பொருத்துபவரை வீட்டுக்கு வரவழைத்து, குழாய் எந்த வழியாகப் போகும், எத்தனை மீட்டர், எத்தனை வளைவு, கூரைக்கு மேல் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடமும் உள்ளூர் அனுமதி அலுவலகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கையில் மிஞ்சும் பணத்துக்கு அடுப்பைத் தேர்ந்தெடுங்கள். விறகுக்கு அட்வான்ஸ் கொடுக்கவும் அதுவே நேரம். இலையுதிர் காலத்தில் கேட்டால் விலையும் ஏறியிருக்கும், கிடைப்பதும் ஈரமாக இருக்கும்.